நீளத் தடி

தொண்டைமானாற்றுக் கடல்நீரேரிக் கரை வெளியில் ஒரு பின்னேரம் அவரைக் கண்டேன். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர். இடது கையில் மட்டும் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு தனியாகக் கோல்ஃப் பந்து அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் தொப்பியைக் கழற்றித் திரும்பவும் போடுவார்.

கட்டைத் தடியால் அடித்தால் பந்து நேராகப் போனது. டிரைவர் என்கிற நீளத் தடியால் அடித்தால் புதர்ப் பற்றைக்குள்தான் போனது. ஆனாலும் அவர் நீளத் தடியையே எடுத்தார். பந்து பொறுக்கிக் கொடுத்தது நான்.

"அண்ணை, கட்டைத் தடியாலையே அடிக்கலாமே?"

"அங்கை பின்னாலை நாலுபேர் பாத்துக்கொண்டு நிப்பினம், தம்பி. வெக்கத்திலை இருபது வருசமாய்க் கட்டைத் தடிதான். இஞ்சை ஆர் பாக்கினம்?"

பற்றைக்குள் குனிந்து அடுத்த பந்தைத் தேடும்போது 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். தடியைத் தோளுக்கு மேல் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"பாத்தனீரோ? நேரை போச்சு."

"ஓம் அண்ணை, நல்ல அடி."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தடிகளைப் பையில் வைத்துக் கட்டிவிட்டார்.

நான் பார்க்கவில்லை என்பது அவருக்கு விளங்கிவிட்டதா, அல்லது ஒருவராவது பார்த்தது போதும் என்று நினைத்தாரா, எனக்கு இன்னும் தெரியவில்லை.