எடையக்கா அடித்த வரி

ப்ளக் என் உள்ளங்கையில் இருந்தது. திரையிலோ எழுத்துகள் வந்துகொண்டிருந்தன. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கவே முடியாது என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் பலருக்குச் சொல்லியிருந்தேன். தகரக் கூரைக்குக் கீழே, உச்சி வெயிலில், எனக்குக் கை கால் சில்லிட்டுப் போனது. அந்த ப்ளக் இன்றைக்கும் என் மேசை இழுப்பறையில் பழைய சாவிகளுக்கும் ரப்பர் ஸ்டாம்புக்கும் நடுவில் கிடக்கிறது. அதைத் தொட்டால் முதலில் ஞாபகம் வருவது அந்தச் சில்லிப்பு. எடையக்காவின் முகம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனியில் வேலை பார்த்தேன். டிப்ளமோ முடித்தவள், அங்கிருந்த ஒரே பெண். மில்காரர்கள் போன் செய்து "எஞ்சினியரை அனுப்புங்க" என்பார்கள். நான் போய் இறங்கினால் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்கள். எனக்கு வரும் கோபத்துக்கு ஸ்க்ரூடிரைவரை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிடலாம் போலிருக்கும். ஆனால் வேலை பிடித்திருந்தது. அதிலும் சீரியல் போர்ட் கார்டைச் சோதிக்கிற வேலை ரொம்பப் பிடிக்கும். வெளியே உள்ள கருவிகளோடு கம்ப்யூட்டர் பேசுவது அந்தக் கார்டு வழியாகத்தான். ஒரு முனை வழியாக எழுத்து வெளியே போகும், இன்னொரு முனை வழியாக உள்ளே வரும். அந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துப் பற்றவைத்தால் அதுதான் நான் சொன்ன ப்ளக். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதைக் கார்டில் செருகிவிட்டு, டெர்மினல் சாப்ட்வேரைத் திறந்து எதையாவது அடிக்க வேண்டும். வெளியே போன எழுத்து ப்ளக் வழியாகத் திரும்பி உள்ளே வந்து திரையில் விழுந்தால் கார்டு நல்லது. விழாவிட்டால் கெட்டது. வாய்தா வாங்காத, சாட்சி கேட்காத பரீட்சை என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

அன்னூர் பக்கம் ஒரு பஞ்சு மில்லிலிருந்து அழைப்பு வந்தது. மில் வாசலில் லாரி எடைபோடும் மேடை இருந்தது. அதை ஒட்டிய சின்ன அறையில் எடையைக் காட்டும் பெட்டி ஒன்று. அதிலிருந்து ஓர் ஒயர் கம்ப்யூட்டருக்குப் போகும். பெட்டி காட்டும் எடையைக் கம்ப்யூட்டர் வாங்கிச் சீட்டு அடித்துக் கொடுக்கும். சில சீட்டுகளில் முந்தைய லாரியின் எடையே மறுபடி வந்திருந்தது. உள்ளே வந்த பஞ்சுக்கும் சீட்டில் இருந்த எடைக்கும் ஒத்துப் போகவில்லை. கம்ப்யூட்டர் தானாக இப்படிச் செய்யாது, யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். ஒயரில் பிரச்சினை வந்தால் எடையைக் கையாலும் அடித்துக்கொள்ள ப்ரோகிராமில் வழி இருந்தது. கையால் அடிக்கக்கூடியவர் அங்கே ஒரே ஒருவர்தான். லாரிக்காரர்கள் அவரை எடையக்கா என்பார்கள்.

என்னுடன் எங்கள் சீனியர் சாரும் வந்தார். சட்டை மடிப்புக் கலையாத மனிதர். தப்பான பஸ்ஸில் ஏறினாலும், இந்தப் பக்கம் போக வேண்டும் என்றுதான் ஏறினேன் என்று சாதிப்பவர். கார்டை மோந்து பார்த்தே கோளாறைச் சொல்லிவிடுவேன் என்பார். ஆபீஸில் நாங்கள் அவர் மூக்கை வைத்துச் செய்யாத கேலி இல்லை. ஆனால் வேலையில் கெட்டிக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முதலாளி எடை அறையில் காத்திருந்தார், எடையக்கா மூலையில் நின்றுகொண்டிருந்தார். நாற்பதை ஒட்டிய வயது இருக்கும். தேய்த்துக் கட்டிய நூல் சேலை, காதோரம் செருகிய பால்பாயிண்ட் பேனா. தன் நாற்காலியில் உட்கார வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள் என்பது பார்த்த உடனே தெரிந்தது. அவருடைய அப்பாவும் அம்மாவும் முதலாளி வீட்டுத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். அந்தக் குடும்பத்தில் பத்தாவது பாஸான முதல் ஆள் இவர். பஞ்சு பொறுக்க வந்தவரை எழுத்து தெரியும் என்பதால் எடை அறைக்கு மாற்றியிருந்தார்கள். இதையெல்லாம் மில் அனுப்பிய ஜீப்பில் வரும்போது டிரைவர் சொல்லியிருந்தார்.

எங்களைப் பார்த்ததும் எடையக்கா, யாரிடமாவது சொல்லித்தானே ஆக வேண்டும் என்பதைப் போலச் சொன்னார்: "பொட்டியில ஒண்ணு காட்டுதுங்க, கம்ப்யூட்டர்ல வேற ஒண்ணு வருதுங்க. வெயிலேறுனாத்தான் இப்படி ஆகுது. ஆபீஸ்ல எத்தனையோ வாட்டி சொல்லிப்போட்டேனுங்க. நா பாத்தப்பெல்லாம் பொட்டியில இருக்கறதையே கையால அடிச்சு உட்டேன். லாரி வரிசையா நிக்கறப்ப ஒண்ணு ரெண்டு பாக்காமப் போயிருக்கும். நா எதையும் எடுக்கலீங்க."

"கையால அடிச்சேன்னு அவளே ஒத்துக்கறா பாருங்க," என்றார் முதலாளி. பிறகு என்னைப் பார்த்து, "அம்மணி, கார்டை மட்டும் நல்லாப் பாத்துச் சொல்லிப்போடுங்க. கார்டு கெட்டிருந்தா செரி. நல்லா இருந்தா நா பாத்துக்கறேன்," என்றார். என்னை அம்மணி என்றார். அவரை அவள் என்றார். அதைக் கவனித்தேன், என்ன செய்ய என்று தெரியவில்லை. ஆக, அந்த அம்மாவின் பிழைப்பும் மானமும் என் கையிலிருந்த கட்டைவிரல் அளவு ப்ளக்கில் வந்து நின்றது. அவர் சொன்னதை நான் நம்பினேனா என்று இப்போது கேட்டால், யோசிக்கவே இல்லை என்பதுதான் நிஜம். கார்டே சொல்லிவிடப் போகிறது, நான் எதற்கு யோசிக்க வேண்டும்.

எடைப் பெட்டியின் ஒயரைக் கழற்றிவிட்டு ப்ளக்கைச் செருகினேன். சார் எங்கள் ஆபீஸ் ஃப்ளாப்பியைப் போட்டு டெர்மினல் சாப்ட்வேரைத் திறந்தார். வழக்கம்போல ஏபிசிடி அடித்தார். ஏபிசிடி என்று அழகாகத் திரையில் வந்தது. மறுபடி எண்களை அடித்தார். எண்களும் வந்தன. ஓர் எழுத்து கூடக் குறையவில்லை. சார் நாற்காலியில் சாய்ந்தார்.

"கார்டுல ஒரு கோளாறும் இல்லீங்க," என்றார்.

முதலாளி தலையை ஆட்டினார். அவர் கத்தியிருந்தால் கூடப் பரவாயில்லை. கணக்கு முடிந்த மாதிரி மெதுவாகப் பேசினார். "தோட்டத்துல கெடந்த ஊட்டுப் புள்ளையச் சேர்ல உக்கார வெச்சேன் பாருங்க, என்னையச் சொல்லோணும். ஏ புள்ள, பொழுதுக்குள்ள உங்கண்ணனக் கூட்டிட்டு வந்து நில்லு. இல்லீன்னா போலீஸ்ல சொல்லிப்போடுவேன்."

வேலை முடிந்தது என்று நான் கம்ப்யூட்டரின் பின்புறம் குனிந்து ப்ளக்கைக் கழற்றினேன். திருகு துருப்பிடித்திருந்ததால் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. நிமிர்ந்தபோது சார் பையை எடுக்க எழுந்திருந்தார். எடையக்கா காலியான தன் நாற்காலியின் அருகில் வந்து நின்றிருந்தார். அழவில்லை. "அது சொன்னாத்தானே நீங்க நம்பறீங்க. நானும் அதுலயே சொல்லிப்போடறேனுங்க," என்றார். யாரும் பதில் சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டார்.

லாரி நம்பர் அடித்துப் பழகிய ஒற்றை விரல். ஆங்கில எழுத்துகளில், தமிழில், ஒவ்வொன்றாகத் தேடி அடித்தார். நான் எடுக்கலீங்க. கம்ப்யூட்டரிடமும் மரியாதையாக ஒரு 'ங்க' போட்டுத்தான் சொன்னார். அந்த வரி அப்படியே திரையில் ஏறியது.  பாவம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, ப்ளக்கைப் பையில் போடக் கையை விரித்தேன்.

ப்ளக் என் கையில் இருந்தது.

திரும்பி வருவதற்கு வழியே இல்லாத இடத்திலிருந்து அவர் எழுத்துகள் எப்படி வந்தன? திரையைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், மறுபடி திரையைப் பார்த்தேன். பிறகுதான் மண்டையில் அடித்த மாதிரி விளங்கியது. அந்த சாப்ட்வேரில் ஓர் அமைப்பு உண்டு. அதைப் போட்டுவிட்டால் நாம் அடிப்பதை அதுவே திரையில் காட்டிவிடும், கார்டு வழியாகத் திரும்பி வரும்வரை காத்திருக்காது. ஆபீஸில் யாரோ வேறொரு வேலைக்காக அந்த ஃப்ளாப்பியை எடுத்து, அந்த அமைப்பைப் போட்டு, அப்படியே விட்டுவிட்டிருந்தார்கள். இதில் கொடுமை என்னவென்றால், கார்டு நல்லதாக இருந்திருந்தால் ஒவ்வொரு எழுத்தும் இரண்டிரண்டாக வந்திருக்கும், சாரும் உடனே கண்டுபிடித்திருப்பார். கார்டு கெட்டுப்போயிருந்ததால்தான் எல்லாம் சரியாகத் தெரிந்தது. நாங்கள் பார்த்தது கார்டின் பதிலை அல்ல, நாங்களே அடித்ததை.

சாருக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டினேன்.  அவர் ப்ளக்கைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் கண்ணால் கண்டேன். ஏதாவது சொல்லிச் சமாளிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். தப்பான பஸ்ஸை ஒத்துக்கொள்ளாதவர் இதை ஒத்துக்கொள்ளவா போகிறார் என்று என் கோபமெல்லாம் தயாராக நின்றது. ஆனால் சார் முதலாளியின் பக்கம் திரும்பி, "நாஞ்சொன்னது தப்புங்க. இன்னொருக்காப் பாக்கோணும்," என்றார்.  அந்த மனிதரைப் பற்றி நான் பேசிய கேலிக்கெல்லாம் அன்றைக்கே மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

அந்த அமைப்பை எடுத்துவிட்டு, ப்ளக்கை மறுபடி செருகி, சார் அடித்தார். ஒன்றும் வரவில்லை. மீண்டும் அடித்தார். கறுப்புத் திரையில் புள்ளி மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. பையிலிருந்து புதுக் கார்டை எடுத்து மாட்டியதும் எழுத்துகள் மழை மாதிரி கொட்டின. பழைய கார்டுக்குப் பேச வரும், காது மட்டும் கேட்காது. சூடு ஏறினால் அடியோடு செவிடு. பெட்டி சொன்ன எடையைக் கேட்காதபோது ப்ரோகிராம் கையிலிருந்த பழைய எடையையே எடுத்து நீட்டியிருக்கிறது. வெயிலேறினால் இப்படி ஆகிறது என்று எடையக்கா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

முதலாளி வெளியே நின்ற லாரியைப் பார்த்தார். பிறகு, "செரி அம்மணி, மனசுல வெச்சுக்காத. நாளைக்கு எப்பவும்போல வந்துரு," என்றார். முதல் முறையாக அவரை அம்மணி என்று கூப்பிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, அந்த அம்மா தப்பித்தார், இனி ஒரு டீ குடித்துவிட்டு ஊர் போய்ச் சேரலாம் என்று என் புத்தி அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது.

எடையக்கா எழுந்து, காதோரம் இருந்த பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தார். பக்கத்தில் அறைச் சாவியை வைத்தார். சாப்பாட்டுத் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இந்தக் கார்டு நல்லா இருந்திருந்தா, நா திருடிதானுங்களே மொதலாளி," என்றார்.

 சார் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ப்ளக்கைக் கையில் கண்டபோது வந்த அதிர்ச்சியெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவர் கேட்டது சரிதானே. கார்டில் எந்தக் கோளாறும் இல்லாமல், வேறு எதனாலோ எடை தவறியிருந்தால், அவர் எடுக்கவில்லை என்பது மாறிவிடுமா? அந்த அறையில் அவர் சொன்னதற்கு யாரும் ஒரு மதிப்பும் தரவில்லை. கெட்டுப்போன ஒரு கார்டுக்குக் கொடுத்த மரியாதை கூட அவருக்கு இல்லை.

"போறேனுங்க," என்றார் எடையக்கா. எங்கள் பக்கம் யாரும் அப்படிச் சொல்லிக் கிளம்ப மாட்டார்கள், வாரேனுங்க என்றுதான் சொல்வார்கள். எடைமேடையைத் தாண்டி, லாரி ஓரமாக, வெயிலில் நடந்து போனார். மேடைமேல் நடந்திருந்தால் பெட்டியில் அவருடைய எடை ஒரு கணம் காட்டியிருக்கும். அவர் மேடைமேல் ஏறவே இல்லை, சுற்றிக்கொண்டு போனார். அவர் பிறகு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போய்விட்டதாக ஜீப் டிரைவர் எப்போதோ சொன்னார். அவரை நான் மறுபடி பார்க்கவில்லை.

இப்போது நானே சொந்தமாக ஒரு சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். லேப்டாப்பில் அந்த சீரியல் போர்ட்டே இல்லாமல் போய்விட்டது. ஆனால் மில்களிலும் எடைமேடைகளிலும் பழைய கருவிகள் இன்னும் ஓடுகின்றன. யுஎஸ்பி ஒயர் ஒன்றை இடையில் மாட்டி அவற்றைப் பேச வைக்கிறோம். சோதனையும் அதேதான், ப்ளக்கும் அதேதான். ஒரே ஒரு வித்தியாசம். ப்ளக்கைச் செருகுவதற்கு முன்பே ஒரு வரி அடித்துப் பார்த்துவிடுவேன். "ஏனுங்க மேடம், ப்ளக்கு மாட்டாமயே அடிக்கறீங்க?" என்று கடையில் புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பார்கள். ஒன்றும் வரக் கூடாது, அதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பேன். ஏபிசிடி அடிப்பதை விட்டு வெகுகாலமாயிற்று. நான் அடிப்பது எடையக்கா அடித்த வரியை.

நான் எடுக்கலீங்க என்று முழுவதும் அடித்துவிட்டு, ப்ளக்கைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்க்கிறேன். ஓர் எழுத்து கூட வருவதில்லை. அன்றைக்கு அந்த அறையில் அவர் இதையே வாயால் சொன்னபோது, எங்கள் மூன்று பேரிடமிருந்தும் இப்படித்தான் ஒன்றும் திரும்பி வரவில்லை.