குகையில் ஒரு மதியத் தூக்கம்

என் கணவருக்குக் காது மந்தமானது கல் குவாரியில்தான். கோப்பெங் போகும் வழியில் இருந்த சுண்ணாம்புக்கல் மலையில், வெடி வைக்கப் பாறையில் துளை போடும் வேலை. ரப்பர் தோட்டத்தை விட்டு வந்த நாளிலிருந்து அதைத்தான் செய்தார். எழுபதுகளின் கடைசியில் முதலாளி, மலையைப் பாதி தின்றுவிட்டு, குவாரியை மூடிக்கொண்டு போய்விட்டார். இவர் ஒரு மரப்பட்டறைக்குக் காவலாளியாகப் போனார். நான் ஜெலாப்பாங்கில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, மயிரைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி.

வீட்டுக்கு வந்தால் எதையும் கத்திச் சொல்ல வேண்டும். "சோறு போடவா?" என்று பக்கத்து வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி கேட்டால்தான் அவருக்கு விளங்கும். பல நாள் கேட்காமலே போட்டுவிடுவேன். கோபமெல்லாம் இல்லை. தொண்டையில் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து பாயை விரிக்கப் போனேன். அவர் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

"குவாரிப் பக்கம் போயிட்டு வரலாமா?"

"இப்பவா? அங்க என்னா இருக்கு?"

காதில் விழவில்லை. மோட்டார் சைக்கிளை வெளியே தள்ள ஆரம்பித்துவிட்டார். மறுபடி கத்துவதைவிட, பின்னால் ஏறி உட்காருவது எளிதாக இருந்தது.

லாரிகள் போன பாதையில் லாலான் புல் இடுப்பளவு வளர்ந்து கிடந்தது. கல் உடைக்கும் இயந்திரத்தின் மேல் கொடி ஏறி, அதன் வாய்க்குள் ஏதோ ஒரு மரக்கன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் குகை. வெடி வைத்தபோது மலையின் வயிறு திறந்து வெளிப்பட்ட குகை அது. அந்தக் காலத்தில் குவாரி ஆட்கள் அதற்குள் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்களாம், வெள்ளைத் தூசிக்கு நடுவில். இப்போது தூசி இல்லை. கூரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு ஆலமரத்தின் வேர்கள் தரை வரைக்கும் இறங்கியிருந்தன. பள்ளத்தில் கண்ணாடி போலத் தண்ணீர்.

அவர் நேராகச் சுவரோரம் போனார். பாறையில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெரணிச்செடி. செடிகளை விலக்கி உள்ளே விரலை விட்டுப் பார்த்தார்.

"இதெல்லாம் நான் போட்ட ஓட்டை."

"எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். திரும்பவில்லை. "எப்படித் தெரியும்?" என்று கத்தினேன்.

குகை அதையே நாலைந்து முறை கத்தியது. கூரையிலிருந்து குருவிகள் கூட்டமாகக் கிளம்பி எங்கள் தலைக்கு மேல் பறந்தன. நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு குந்தினேன். அவருக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை போலும். முகத்தில் காற்று அடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னா சொன்ன?"

"ஒண்ணுமில்லலா" என்று கையை ஆட்டினேன்.

"இங்கதான் மிஷின முட்டியக் குடுத்துத் தாங்கிக்கிட்டு நிப்பேன். ராத்திரி படுத்தாலும் கை ஆடிக்கிட்டே கெடக்கும்" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் இதைச் சொன்னதில்லை. அருகில் போய், வாயை அசைத்துக் காட்டினேன். "ஏன் சொல்லல?"

"நீயுந்தான் கண்ணு எரியுதுன்னு சொல்ல மாட்ட."

காய்ந்த தட்டைக்கல் ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். கல் குளுமையாக இருந்தது. கொஞ்சம் சாய்ந்துகொள்ளலாம் என்று நினைத்தது மட்டும்தான் ஞாபகம்.

விழித்தபோது வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. என் தலைக்கு அடியில் அவர் சட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது. பனியனோடு பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு இலைக்கொத்தால் எனக்குக் கொசு விரட்டிக்கொண்டிருந்தார். பதறி எழப் போனேன்.

"படு. மழை விடட்டும்" என்றார். எப்போதும் உரக்கவே பேசுகிறவர். அதை மட்டும் மெல்லச் சொன்னார்.

நான் மறுபடி தூங்கிப்போனேன்.

மழை விட்டபின் வீடு திரும்பினோம். அதற்குப் பிறகு நாங்கள் அங்கே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அவரை மரப்பட்டறைக்கு வரச் சொன்னார்கள். எனக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருந்தது. இருவருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பது அபூர்வம். கிடைத்த நாளிலும், முன்கதவைச் சாத்திவிட்டு ஆளுக்கொரு பக்கம் படுத்துக் கிடந்தோம்.