இத்தாலியில் கழற்றிய செருப்பு

மூன்று கிழமைக்கு முன் இந்தப் பக்கத்தில் நான் எழுதிய இத்தாலியக் கதையை வாசித்தீர்களா? அன்ரோனியோ என்ற தபால்காரரைப் பட்டப்பகலில் சந்தியில் வைத்துச் சுடுகிறார்கள். ஊரே பார்க்கிறது. ஆனால் ஊரில் ஒருவரும் பார்க்கவில்லை... அந்தக் கதைதான்.

போன சனிக்கிழமை அதைப் பற்றி ஒரு ரெலிபோன் வந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன் என் பொறாமையைச் சொல்ல வேண்டும். எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

நான் டுசல்டோர்ஃபில் ஒரு இத்தாலிய ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிறேன் — பழைய வாசகர்களுக்குத் தெரியும். அங்கே சமையல்காரன் தொனினோ. சிசிலிக்காரன், என் வயதுதான். மத்தியானக் கூட்டம் கலைந்ததும் தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வாசிப்பான். ஸ்டேஷன் கடையில் வாங்கிய மஞ்சள் அட்டைப் புத்தகங்கள். துப்பறியும் கதைகள். வாசித்தபடியே சிரிப்பான், திட்டுவான், தொடையில் அடிப்பான்.

நானும் துப்பறியும் கதை வாசித்தவன்தான். ஊரில் என் தையல் மெஷின் லாச்சிக்குள் எப்போதும் ஒன்று கிடக்கும். எங்கள் கதைகளில் கடைசிப் பக்கத்தில் விலங்கு மாட்டிவிடுவார்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமை ரீவியிலும் அப்படித்தான். படுக்கப் போகுமுன் கொலைகாரன் பிடிபட வேண்டும். இல்லாவிட்டால் ஜெர்மன்காரர் திங்கட்கிழமை எப்படி நிம்மதியாக வேலைக்குப் போவார்கள்?

ஒருநாள் தொனினோவிடம் கேட்டேன். எங்கள் இருவருடைய டொச் பாஷையும் ஒரே அளவு உடைந்தது. அதனால் நன்றாக விளங்கும்.

"இதில் யார் கொலைகாரன்?"

"எல்லாருக்கும் தெரியும். எனக்கு இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது."

"பிடித்துவிட்டார்களா?"

"உனக்கு என்ன, பைத்தியமா?" என்று சிரித்துவிட்டுக் கதையைச் சொன்னான்.

மலைக்கு மேலே சின்ன ஊர். தேவாலயத் திருவிழாவில், பாண்ட் வாத்தியக்காரர்களுக்கு முன்னால், காணி அளக்கிறவரைச் சுட்டுவிடுகிறார்கள். வடக்கிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வருகிறார். வாத்தியக்காரர் ஒவ்வொருவரும் "நான் இசைத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்கிறார்கள். மேளக்காரருக்கு மட்டும் தாள் கிடையாது. அவர் என்ன சொல்கிறார் தெரியுமா? "நான் கண்ணை மூடித்தான் அடிப்பேன்."

தேவாலயத்தில் முன் வாங்கில் யார் உட்காருவது, ரோடு போடுகிற கொந்தராத்து யாருடைய மச்சானுக்குப் போகிறது, சலூன்காரர் யாருக்குச் சும்மா சவரம் செய்கிறார் — எல்லாம் அந்தப் புத்தகத்தில் இருந்தன. கொலை ஒரு சாட்டுத்தான். எழுதியிருப்பது ஊரை. கடைசியில் இன்ஸ்பெக்டருக்குப் பதவி உயர்வு கொடுத்துத் தூரத் தீவுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

"எழுதின ஆள் உயிரோடு இருக்கிறாரா?" என்று கேட்டேன்.

தொனினோ என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "உயிரோடா? ரீவியில் வருகிறார். தொந்தி வைத்திருக்கிறார்!" பிறகு குரலைத் தாழ்த்தினான். "பேப்பரில் எழுதினால் சுடுவார்கள், தையல்காரா. சுட்டிருக்கிறார்கள். கதையாக எழுதினால் சாப்பிடக் கூப்பிடுவார்கள்."

அந்தத் தொந்தியின் மீது எனக்கு வந்த பொறாமை இருக்கிறதே... இந்த நாட்டில் எத்தனையோ காரையும் வீட்டையும் பார்த்திருக்கிறேன், அப்படி வந்ததில்லை. தன் ஊரின் வாய்ப்பூட்டை ஒருவர் எழுதலாம், அச்சடித்து விற்கலாம், அதற்குப் பிறகும் சாப்பிட்டுக் கொழுக்கலாம்! தொனினோ மீதும் பொறாமை. குசினியில் நின்று தன் நாட்டைச் சத்தம் போட்டுத் திட்டுகிறான். ஓகஸ்ட்டில் ரயிலேறி அங்கேயே விடுமுறைக்குப் போகிறான்.

அந்த இன்ஸ்பெக்டர் தோற்றுப்போனவர்தான். ஆனாலும் கொப்பியும் பென்சிலுமாக வீடு வீடாகப் போய் "என்ன நடந்தது?" என்று கேட்டாரே! எங்கள் ஊர்ச் சந்திக்கு யார் வந்து கேட்டார்கள்? வாத்தியக்காரர்கள் மீதுகூடப் பொறாமைப்பட்டேன். பொய் சொல்வதற்காவது அவர்களுக்கு ஒரு கேள்வி கிடைத்தது.

அதனால்தான் எழுதினேன். எங்கள் சந்தியைத் தூக்கி இத்தாலியில் வைத்தேன். பெயர்களைத் தொனினோவின் மச்சான்மாரிடம் எடுத்தேன். கோயிலைத் தேவாலயமாக்கினேன், பனையைத் திராட்சையாக்கினேன். பெரிய கெட்டித்தனம் என்று நினைப்பு.

அடுத்த கிழமையே ஒரு வாசகர் கடிதம் போட்டார். "அண்ணை, உங்கட அன்ரோனியோ தையல்கடை வாசலில செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கை கால் வைக்கிறார். இத்தாலியில ஆரண்ணை கடைக்குள்ள போகச் செருப்புக் கழட்டுறது? உங்கட தொனினோவைக் கேட்டுப் பாருங்கோ."

கேட்டேன். தொனினோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எல்லாவற்றையும் மாற்றியவனுக்குச் செருப்பை மாற்றத் தோன்றவில்லை. வாசல் என்றால் கழற்றத்தானே வேண்டும்? நாங்கள் அப்படித்தானே வளர்ந்தோம்?

அந்த ஞாயிற்றுக்கிழமை அகதிகள் தங்கும் ஹைமில் என் அறைக்கு இரண்டு இயக்கப் பொடியள் வந்தார்கள். அவர்களும் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வந்தார்கள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

"நல்ல கதை அண்ணை," என்றான் ஒருவன். "இந்த இத்தாலி எங்கட ஆனையிறவுக்கு அங்காலயோ, இங்காலயோ?"

மற்றவன் என் கைகளைப் பார்த்தான். "கோப்பை கழுவுற கை. கவனமா வச்சிருங்கோ."

எங்கள் பத்திரிகை ஆசிரியர் தம்பிக்குச் சொன்னேன். அவருக்கும் பயம். "கொஞ்ச நாளைக்குச் சமையல் குறிப்பு எழுதுங்கோவன் அண்ணை," என்றார். போன கிழமை பிட்சாவுக்கு மாக் குழைப்பது எப்படி என்று வாசித்தீர்களே — காரணம் அதுதான்.

பிறகுதான் அந்த ரெலிபோன். மத்தியான வேலை நேரம். முதலாளி கத்திக் கூப்பிட்டார். எனக்கு ரெலிபோனில் பேசவே கூச்சம். சவர்க்காரக் கையோடு வாங்கினேன்.

"அண்ணை, நான் தவராசாவின்ர மனுசி. பெர்லின்ல ஹைமில இருக்கிறன். இவரின்ர தம்பியார்தான் உங்கட நம்பரை எடுத்துத் தந்தவர்."

தவராசா ஊரில் எங்கள் பக்கத்துத் தபால்காரர். அவருடைய மனைவி ஜெர்மனிக்கு வந்திருப்பதே எனக்குத் தெரியாது.

"கதையை வாசிச்சனான். அன்ரோனியோ செருப்பைக் கழட்டினது... அது மெய்யோ அண்ணை? இல்லாட்டிக் கதைக்கு எழுதினதோ?"

"ஏன் தங்கச்சி கேக்கிறியள்?"

"அவரை வீட்டை கொண்டு வரேக்கை காலில செருப்பில்லை. ஓடினபடியாத்தான் கழண்டது எண்டு ஊர் கதைச்சது. பிழை செய்யாதவன் ஏன் ஓடுவான் எண்டும் கேட்டவை. நானும் அப்பிடித்தான் நினைச்சன். இவ்வளவு காலமும்."

எனக்குப் பின்னால் எண்ணெயில் உள்ளி பொரிந்துகொண்டிருந்தது.

"ஓடேல்லை தங்கச்சி," என்றேன்.

தைக்கக் கொடுத்த காற்சட்டையை வாங்க வந்தவர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்தார். வெளியே இரண்டு பேர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "இந்தா வாறன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு வெறுங்காலோடு திரும்பி நடந்தார். உடனே வந்துவிடலாம் என்றுதான் நினைத்திருப்பார். நான் அவர்களுடைய கையில் இருந்ததைக் கண்டேன். கதவைச் சாத்தினேன். சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.

எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். கதையில் எழுதாததையும் சொன்னேன். "செருப்பு என்ர வாசலில கிடந்தால் என்னை ஆரும் கேப்பினம் எண்டு பயம். எடுத்து அடுப்புக்குள்ள போட்டது நான்தான்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"ஒரு சொல் சொல்லியிருக்கலாம் அண்ணை," என்றாள். பிறகு, "மகனுக்குப் பதினொரு வயசு. தகப்பன் ஓடினவர் எண்டு பள்ளிக்கூடத்தில சொல்லக் கேட்டுத்தான் வளந்தவன். அவனுக்கு எழுத்தில வேணும். இத்தாலி வேண்டாம். உள்ள பேரைப் போட்டு எழுதுங்கோ."

"பயமில்லையோ தங்கச்சி?"

"பயம்தான். பயமெண்டால் எழுதக்கூடாதோ?"

உண்மையைச் சொல்கிறேன், தொந்திக்காரரை அந்த நிமிடத்தோடு விட்டுவிட்டேன். இப்போது எனக்குப் பொறாமையெல்லாம் இந்தப் பெண் மீதுதான்.

இதுவரை எழுதியதை வாங்க நேற்று ஆசிரியர் தம்பி வந்தார். நின்றபடியே வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"பேரை என்ன செய்வம் அண்ணை? அன்ரோனியோ எண்டே விடுவமோ?"

தவராசா என்று போடச் சொன்னேன்.