இணைப்பு நகலான நாள்

கும்மிடிப்பூண்டி தொழிற்சாலையில் ஒரே வரைபடத்தை நான்கு இயந்திரங்களின் ஃபோல்டரிலும் நகலெடுத்து வைப்பார்கள். வரைபடங்களைக் கவனிக்கும் நான் அவசரப்பட்டு நகல்களை நீக்கி, அந்த இடங்களில் மூலக் கோப்பையே திறக்கும் இணைப்புகள் போட்டேன். ஒன்றைத் திருத்தினால் போதுமே! பென்டிரைவில் ஏற்றியபோது அந்த இணைப்புகள் சத்தமில்லாமல் தனித்தனி நகல்களாகிவிட்டன. அது தெரியாமல், பென்டிரைவில் இருந்த மூலத்தில் மட்டும் துளையின் அளவை மாற்றிக் கொடுத்தேன்.

பழைய அளவில் துளை போட்ட காண்ட்ராக்ட் அண்ணனை சூப்பர்வைசர் பிடித்துக்கொண்டார். "கண்ண ஊட்லயே வெச்சிட்டு வந்தியா? நாளைலேர்ந்து வராத."

"ஃபோல்டர்ல இருந்ததத்தான் சார் போட்டுக்கினு இருந்தேன்."

"தப்பு என்னுது சார்," என்று பென்டிரைவைத் திறந்து இரண்டு வரைபடங்களையும் காட்டினேன்.

"புதுசும் இதுலயே கீதே! அத்தப் பாக்க வேணாமா அவன்?"

அண்ணன் அதற்குள் கழுத்தில் இருந்த கேட் பாஸைக் கழற்றிவிட்டார்.