மணிக்கட்டில் ஊத்

தி.நகர் அத்தர் கடையில் ஸ்டெல்லாவின் இடது மணிக்கட்டுதான் சாம்பிள். அகில் கட்டையிலிருந்து எடுக்கும் ஊத் அத்தருக்கு உடம்புச் சூடு பட வேண்டும், காகிதத்தில் மணம் தெரியாது என்று கடை திறந்ததும் ஒரு சொட்டு தடவிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் முதலாளி.

பொல்லாத சரக்கு அது. தடவியதும் மருந்தும் கருகிய கட்டையும் கலந்த நெடி அடிக்கும். மத்தியானத்துக்கு மேல்தான் நெடி அடங்கி, பழைய மரப்பீரோவைத் திறந்தாற்போல் இதமாக மணக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "சாயங்காலம் வந்து மோந்து பாருங்கம்மா" என்று எல்லாரிடமும் சொல்வாள். இப்போது சொல்வதில்லை.

அன்று காலை பட்டுப்புடவைப் பையோடு வந்த ஒரு அம்மா அவள் கையை முகர்ந்து மூக்கைச் சுளித்தார். "இந்த வெயில்ல இத எவன் போட்டுக்குவான்?"

கடையில் நாற்காலி உண்டு, வாங்க வருகிறவர்களுக்கு. ஸ்டெல்லா நாள் முழுக்கக் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

சாயங்காலம் அந்த அம்மாவே திரும்பி வந்தார். ஸ்டெல்லா பக்கம் வந்ததும் மூச்சை இழுத்து முகர்ந்தார். "நீ போட்டிருக்கியே, அது குடு."

"காலைல வேணாம்னீங்களே, அதாம்மா இது."

"சொல்ல இஷ்டமில்லன்னா விடு" என்று கிளம்பிவிட்டார். ஸ்டெல்லா கூப்பிடவில்லை. விளக்கிச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

பட்டினப்பாக்கம் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"கமகமன்னு கீதே. கல்யாணத்துக்குப் போய்ட்டு வரியா?"

"இல்லக்கா" என்றாள் ஸ்டெல்லா, உட்கார்ந்தபடி. "நின்னுட்டு வரேன்."