அக்கா தராத கசாயம்

"யாரிடமும் சொல்லாதே" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அன்று மாலையே வீட்டு ஓனரிடம் அக்கா ஏன் போய்ச் சொன்னார்? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

அக்கா என் கூடப்பிறந்தவர் இல்லை, மங்கலம் சாலையில் நாங்கள் இருக்கும் லைன் வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர். நாங்கள் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள், அவர் இந்த ஊர்க்காரர். நான் பனியன் கம்பெனி ஆபீசுக்குக் கிளம்பும்போது, "புள்ளைய எங்கூட்ல உட்டுட்டுப் போ அம்மிணி. உன்ற சமையலத் தின்னுதான் இப்பிடி எளைச்சுக் கெடக்குது" என்று இடுப்பில் வாங்கிக்கொள்வார். மகளுக்கென்று ஒரு தட்டும் தம்ளரும் அங்கேயே இருந்தன.

கொரோனா ஊரடங்கில் கம்பெனி மூடியிருந்தது. ஒரு நாள் காலை ஊத்துக்குளி வெண்ணெயை உருக்கினேன். முருங்கைக் கீரை போட்டுப் பொரிந்தும் எனக்கு வாசமே வரவில்லை. முந்தின நாள் காய்ச்சல் வேறு. பயந்துபோய், வாசலில் நின்றபடியே அக்காவிடம் சொன்னேன்.

"எங்கூடு வரைக்கும் கமகமங்குது, உனக்கு வரலியா?" என்றவரின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினார். "யாருகிட்டயும் மூச்சு உடாத கண்ணு. கசாயம் வெச்சுத் தர்றேன்."

கசாயம் வரவில்லை. மாலையில் ஓனர் வந்து, அக்கா சொன்னதைச் சொல்லித் தள்ளி நின்று கத்தினார். அவர் போன பிறகு பார்த்தால், மகளின் தட்டும் தம்ளரும் கழுவிக் கவிழ்த்தபடி எங்கள் படியில் இருந்தன. பரிசோதனையில் எனக்குத் தொற்று உறுதியானதும் மாநகராட்சி ஆட்கள் வாசலில் தகரம் அடித்தார்கள். மூன்று வயதுக் குழந்தை அதைத் தட்டித் தட்டி, "பெரிம்மா, தொறங்க" என்று கூப்பிட்டாள். பக்கத்து வீட்டில் டிவி சத்தம் கூடியது.

எல்லாம் சரியான பிறகு அக்காவிடம் நேரிலேயே கேட்டேன்.

"எங்கூட்டுக்காரருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிருக்குதில்ல? பயந்துட்டனுங் கண்ணு."

"அத எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்லாக்கா?"

மடித்து வைத்த துணியையே மறுபடி பிரித்து மடித்தார்.

அவர் ஓனரிடம் சொன்னது சரிதானோ என்று பல முறை நினைத்திருக்கிறேன். அவர் இடத்தில் நானும் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த "மூச்சு உடாத" எதற்காக? என் பயத்தைத் தணிக்கவா, ஓனர் வரும்வரை என்னை வீட்டுக்குள்ளேயே இருக்க வைக்கவா?

மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. கம்பெனியில் சரக்கு ஏற்றும் ஷிப்மெண்ட் நாட்களில் நான் வர இருட்டிவிடுகிறது. "பள்ளிக்கூடம் உட்டா இங்க வரட்டும் அம்மிணி" என்று அக்கா போன வாரம் கேட்டார். மகள் குதிக்கிறாள், அவளுக்கு எதுவும் நினைவில்லை. கணவரோ, "இன்னுமா அதையே புடிச்சித் தொங்குத?" என்கிறார். நான்தான் அல்பமாக இருக்கிறேனோ?

திங்கட்கிழமை பதில் சொல்வதாக அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்ததுண்டா? அதே வீட்டுக்குக் குழந்தையை மறுபடி அனுப்பினீர்களா? அனுப்பிவிட்டு நிம்மதியாக வேலை பார்க்க முடிந்ததா? தயவுசெய்து எழுதுங்கள்.