சலிக்காத செங்கல் பொடி

அக்காவின் பற்கள் முளைத்த நாளிலிருந்தே மஞ்சள் கறை பிடித்தவை. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் அப்படி என்றார்கள். அதனாலேயே இரண்டு வரன்கள் தட்டிப்போயின. சிவகிரியிலிருந்து இன்னொரு வீட்டார் பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்ததும், எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நான் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன். இவர்களும் சிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டால்?

அம்மா செங்கலை இடித்து, அப்பாவின் பழைய வேட்டியில் சலித்துத்தான் பல் தேய்க்கக் கொடுப்பாள். தொட்டால் திருநீறு மாதிரி இருக்கும். தென்காசியிலிருந்து வந்த அத்தை, அப்பாவின் கூடப்பிறந்த அக்கா, அதை விரலால் நிமிண்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, இதப் போட்டுத் தேச்சா என்னைக்கு வெளுக்க? நறநறன்னு இருந்தாத்தானே கறைய அறுக்கும்!"

"வேண்டாம் மதினி. தாம்பாளம் மாதிரி ஆயிரும்" என்றாள் அம்மா.

அம்மாவின் சீர்த் தாம்பாளத்தில் அவள் பெயர் வெட்டியிருந்தது. சலித்த பொடியால் அவள் வருஷக்கணக்காக விளக்கியும் அழியாத பெயர். பொங்கலுக்கு வந்த அத்தை ஆற்று மணலைப் போட்டுத் தேய்த்ததில் பாதி எழுத்து போய், கீறல்தான் மிஞ்சியது.

"பளபளன்னு ஆச்சா, இல்லையா? ஒம் மக இங்கனயே நரைச்சுக் கெடக்கணுமா?"

"அதான் அக்கா சொல்லுதால்லா" என்றார் அப்பா. அதோடு பேச்சு முடிந்தது.

சலிக்காத பொடியோடு மணலும் சேர்ந்தது. அத்தை பக்கத்திலேயே நின்று காலையும் மாலையும் தேய்க்க வைத்தாள்.

"கூசுது அத்தை."

"கூசினாத்தாம்ட்டி கறை விடுது."

அக்கா துப்பியது சிவப்பாக இருந்தது. செங்கல் நிறம் என்றாள் அத்தை. நானும் நம்பினேன்.

வந்தவர்கள் அக்காவைச் சிரிக்கச் சொன்னார்கள். "பல்லு முத்துல்லா!" என்று மாப்பிள்ளையின் தாயார் அன்றைக்கே பூ வைத்துவிட்டாள். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

கல்யாணம் முடிந்து, சாரல் விழுந்ததும், மாப்பிள்ளையையும் அக்காவையும் வண்டி கட்டிக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனோம். நாங்களெல்லாம் வாயைப் பிளந்து கத்திக்கொண்டு அருவியில் நின்றோம். அக்கா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒதுங்கியிருந்தாள்.

"புதுப்பொண்ணுக்கு வெக்கத்தப் பாரு!" என்றாள் அத்தை.

சாப்பிடும்போது அம்மா எங்கேயோ போய் ஒரு செம்பு வெந்நீர் வாங்கிவந்து, அக்காவுக்கு மட்டும் கொடுத்தாள். அவ்வளவு தண்ணீர் கொட்டுகிற இடத்தில் வெந்நீர்! கல்யாணமானவளுக்கு என்ன உபசாரம் என்று எனக்குப் பொறாமை. எனக்கும் வேண்டுமென்று அழுதேன். அம்மா முதுகில் ஓர் அறை வைத்தாள்.

பிறகு என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, எனக்குப் புதிதாக முளைத்திருந்த முன்பற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கிறதோ என்று நான் நாக்கால் துழாவிப் பார்த்தேன்.